பிள்ளை பெற்ற வீடும் பெரியவர் பேச்சும்

"நாங்கள் ஒன்பது பெற்றோம். எங்களை யார் தாங்கினார்கள்? பெற்ற உடம்பு ஆறுமுன் பால்வாளியைத் தூக்கினோம். இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒன்று பெற்றதற்கே இத்தனை சோர்வா?"

இப்பேச்சைக் கேளாத இளந்தாய் நம் பேராக் மாநிலத்தில் இருப்பது அரிது. மூத்தோர் வாக்கு என்று கருதி நாமும் தலையசைத்து விடுகிறோம். நான் அதனை மறுக்கவே எழுதுகிறேன்.

அம்மூதாட்டியர் பட்ட பாடு பொய்யன்று. இருள் விலகுமுன் எழுந்து, கைக்குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடிய தாய்மாரின் கண்ணீரால் நனைந்தவை நம் ரப்பர்த் தோட்டங்கள். ஆனால், தம்மை ஒருவரும் தாங்கவில்லை என்று அவர்கள் கூறுவது முழு உண்மையாகாது. லயத்தில் சுவருக்கு அப்பால் ஒரு பெரியம்மா இருந்தார். பத்தியச் சோறு ஆக்கவும், காய மருந்து இடிக்கவும், குழந்தையைக் காலில் கிடத்தி நீராட்டவும் கைகள் இருந்தன. ஆயாக் கொட்டகையில் வரிசையாய்த் தொங்கிய ஏணைகளை ஆட்ட ஓர் ஆயா இருந்தார். அக்கொட்டகை முதலாளியின் கருணையால் எழுந்ததன்று. தாயின் கை மரத்துக்குத் தேவைப்பட்டதால் எழுந்தது. ஆயினும் அது இருந்தது.

இன்று நிலை என்ன? ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்துக் குடும்பங்கள் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் குறைந்த விலை வீடுகளிலும் அடுக்ககங்களிலும் சிதறின. கணவன் இரவு வேலைக்குப் போகிறான். மாமியாரும் கூலிக்குப் போகிறார். நான்காம் மாடியில், சாத்திய கதவுக்குப் பின்னால், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அழும் குழந்தையோடு தனித்திருக்கிறாள். லயத்தின் துணையைப் பறித்துவிட்டு, லயத்தின் உறுதியை மட்டும் அவளிடம் கேட்பது என்ன நியாயம்?

பிறரைச் சாடுமுன் என்னைச் சாடிக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன், தோட்டப் பள்ளியொன்றில் இளம் ஆசிரியனாக இருந்தபோது எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் பயின்று நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். பியாஜே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் தம் மூன்று குழந்தைகளையும் கூர்ந்து நோக்கியே தம் கொள்கைகள் பலவற்றை உருவாக்கினார் என்று தேர்வில் எழுதியவன். ஆயினும் என் குழந்தை இரவில் எத்தனை முறை விழித்தது என்பதை நான் அறியேன். 'நாளைக்குப் பாடம் இருக்கிறது' என்று சொல்லி மறு அறையில் உறங்கினேன். ஓரிரவு எழுந்து பார்த்தபோது குழந்தையும் அழுதுகொண்டிருந்தது, தாயும் அழுதுகொண்டிருந்தாள். "உலகத்தில் எல்லாப் பெண்களுந்தான் பெறுகிறார்கள்" என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. அச்சொல்லை நான் இன்றுவரை திரும்பப் பெற முடியவில்லை.

அது வீம்பன்று, சோம்பலன்று. நோயாகவும் இருக்கக்கூடும் என்பதை நான் பின்னரே அறிந்தேன். பிள்ளை பெற்ற பெண்களில் 100க்கு 13 பேர் அளவில் மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதனைக் கண்டறிய, எடின்பரோ அளவீடு எனப்படும் பத்தே வினாக்கள் 1987ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன. நம் நாட்டில் அரசாங்கத் தாய் சேய் நலத் தாதியர் வீடு தேடியும் வருகின்றனர். ஆனால், தாதி கேட்கும் கேள்விக்குத் தாய் வாய் திறக்குமுன், "அவளுக்கென்ன, நன்றாக இருக்கிறாள்" என்று வீட்டார் விடை கூறிவிடுகின்றனர்!

சட்டம் நம்மை முந்திக்கொண்டது. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு, தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கும் 7 நாள் விடுப்பு வந்தது. வரவேற்கிறேன், ஆனால் போதாது என்கிறேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது. 98 நாளோ பதினான்கு வாரத்தில் முடிகிறது. தந்தையின் 7 நாளைப் பெற, ஒரே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். குத்தகையாளர் மாறுந்தோறும் வேலை மாறும் நம் இளைஞர் பலர்க்கு அந்த ஏழு நாளும் எட்டாக் கனி. அந்த விடுப்பைப் பெறுவோரிலும் எத்தனை பேர் அதனைத் தொட்டிலருகே கழிக்கின்றனர்? "ஆண்மகன் அணையாடை துவைப்பதா?" என்று நகைப்பாரும் உளர். மக்கட்பேற்றுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், தந்தையின் கடமையையும் அவ்வதிகாரத்திலேயே வைத்தார் என்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக.

நம் சங்கங்களையும் கேட்கிறேன். வளைகாப்புக்கு மண்டபம் பிடிக்கிறோம். முப்பதாம் நாளுக்குப் பந்தலிட்டு விருந்து வைக்கிறோம். முப்பத்தோராம் நாள் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவார் யார்? குழந்தைக் காப்பகங்களுக்கு 1984ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு. கோயில் மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் அச்சட்டத்திற்கு உட்பட்ட காப்பகங்களை நாம் ஏன் அமைக்கலாகாது? தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் குறைகின்றனர் என்று கூட்டந்தோறும் அரற்றுகிறோம். முதலாம் ஆண்டு மாணவன் பள்ளி வாசலில் திடீரெனப் பிறப்பதில்லை. அவன் பிறந்த வீட்டில், அவனைப் பெற்றவள் தளர்ந்து வீழ்ந்தபோது நாம் எங்கிருந்தோம்?

ஆயாக் கொட்டகையின் வறுமை மீண்டும் வர வேண்டா; அங்கிருந்த துணை மீண்டும் வருதல் வேண்டும். இனி, பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செல்வோர் "நாங்களும் பெற்றோம்" என்னும் பழம்பாட்டை வாசலிலேயே விட்டுவிடுக. உள்ளே சென்று, "குழந்தையை என்னிடம் கொடு, அம்மா, நீ சற்று உறங்கு" என்று கூறுக. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் கூறத் தவறிய சொல் அதுவே.