ஆல்டர்னேட்டர் போச்சா? புதுசா, ரீகண்டா: "சரி" சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

இரவு 11 மணி. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது. கொஞ்ச நேரத்தில் ஹெட்லைட் மங்குகிறது, வானொலி நின்றுபோகிறது. ஓரமாக நிறுத்திய கார் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை.

மறுநாள் காலை வயர்மேன் கடையில் ஒரே கேள்வி: "ஆல்டர்னேட்டர் போச்சு தம்பி. புதுசு போடவா, ரீகண்ட் போடவா?"

இரண்டுக்கும் இடையே சில நூறு ரிங்கிட் வித்தியாசம். மாதக் கடைசி என்றால் பதில் தானாகவே வாயில் வந்துவிடும்: "ரீகண்ட் போதும் லா அண்ணே." அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் "ரீகண்ட்" என்ற சொல்லுக்குக் கடைக்குக் கடை அர்த்தம் மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா?

சுருக்கமாகச் சொன்னால்:

• ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன், கோளாறு அதில்தான் என்று சோதித்து உறுதி செய்யுங்கள்.
• "ரீகண்ட்" என்ற பெயரைவிட, உள்ளே எந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன என்பதே முக்கியம்.
• மூன்றாவது வழியும் உண்டு: உங்கள் சொந்த ஆல்டர்னேட்டரையே பழுதுபார்ப்பது.
• ரசீதில் எழுதாத உத்தரவாதத்தை நிரூபிப்பது கடினம்.

இந்தக் கேள்வி இப்போது ஏன்?

நம் நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு வயது வரம்பு கிடையாது. ரோட் டெக்ஸும் காப்புறுதியும் இருந்தால், 20 வயதுக் காரும் சாலையில் ஓடலாம். பெரோடுவா மைவி அறிமுகமானது 2005 மே மாதத்தில். அந்த முதல் மைவிகள் 2025-இல் 20 வயதைத் தாண்டிவிட்டன. அப்பாவின் பழைய மைவியோ அக்காவின் புரோட்டோன் சாகாவோதான் நம்மில் பலருக்கு முதல் கார்.

2025 அக்டோபரில் தாக்கலான 2026 வரவு செலவுத் திட்டத்தில், 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரை ஒப்படைத்துவிட்டுத் தேசியக் கார் வாங்குவோருக்கு உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. ஆனால் புதுக் கார் என்றால் பல ஆண்டுகளுக்கு மாதத் தவணை. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள் பலருக்குப் பழைய காரை ஓட்டிக்கொண்டிருப்பதுதான் கட்டுப்படியாகும். அப்படியென்றால், பழுதுபார்க்கும் செலவைப் புத்திசாலித்தனமாகச் செய்தாக வேண்டும்.

ஆல்டர்னேட்டர் என்ன வேலை செய்கிறது?

எளிமையாகச் சொன்னால், அது காருக்குள் இருக்கும் குட்டி மின் நிலையம். பேட்டரியின் முக்கிய வேலை இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. அதற்குப் பிறகு விளக்கு, ஏர்கான், கணினி என எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பதும், பேட்டரியைத் திரும்ப நிரப்புவதும் ஆல்டர்னேட்டர்தான்.

இன்ஜினோடு இணைந்த பெல்ட் அதைச் சுழற்றுகிறது. உள்ளே சுழலும் பகுதி ரோட்டர், அதைச் சுற்றி நிலையாக இருக்கும் கம்பிச்சுருள் ஸ்டேட்டர். அங்கே பிறக்கும் மாறுதிசை மின்சாரத்தை டையோடுகள் நேர்திசை மின்சாரமாக மாற்றுகின்றன. வோல்ட் கூடிக் குறையாமல் பார்த்துக்கொள்வது ரெகுலேட்டர். ரோட்டருக்கு மின்சாரம் கொண்டுபோவது கார்பன் பிரஷ்.

இவற்றில் சீக்கிரம் தேய்வது பிரஷ்ஷும் பேரிங்கும். சூட்டில் கெடுவது டையோடும் ரெகுலேட்டரும். ஆக, "ஆல்டர்னேட்டர் போச்சு" என்றால் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் ஒரு சின்னப் பாகம்தான் போயிருக்கும். மேலே படியுங்கள், இந்த விஷயம் கைகொடுக்கும்.

கோளாறு அதில்தானா?

பேட்டரி பழசாகிவிட்டாலும், டெர்மினலில் வெள்ளைப் பொடி படிந்தாலும், பெல்ட் தளர்ந்தாலும், எர்த் வயர் துருப்பிடித்தாலும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, எதையும் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரில் சோதிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

• இன்ஜின் ஓடாமல் காரைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தபின் பேட்டரியில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருந்தால், அது நிறைந்திருக்கிறது.
• இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.7 வோல்ட் வரை காட்டினால், மின்சாரம் ஏறுகிறது என்று பொருள்.
• ஏர்கான், ஹெட்லைட் எல்லாம் போட்டதும் 13-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால், ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம்.
• 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு இருக்கலாம். அப்படியே ஓட்டினால் பேட்டரியும் கெடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில புதிய கார்களில், பெட்ரோலை மிச்சப்படுத்த, ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கணினியே வேண்டுமென்று கூட்டிக் குறைக்கும். அந்தக் கார்களில் மீட்டர் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "கார் நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர் அவுட்" என்று சொல்லும் பழைய வித்தையை யாராவது செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட், காரின் கணினியைக் கெடுத்துவிடக்கூடும்.

"ரீகண்ட்" என்றால் உண்மையில் என்ன?

கடையில் உங்களுக்குக் கிடைக்கும் ஆல்டர்னேட்டர் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

புதியது, ஓரி அல்லது ஓஇஎம்: கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது, அல்லது அதற்குப் பாகம் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனமே தன் பெயரில் விற்பது.

புதியது, வேறு தயாரிப்பு: விலை குறைவு. தரம் மேலேயும் இருக்கும், கீழேயும் இருக்கும். "புதுசு" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி இதை எடுக்க வேண்டாம். நன்றாகப் பழுதுபார்த்த ஓரி, தரம் குறைந்த புதியதைவிட அதிக நாள் உழைக்கலாம்.

மறுஉற்பத்தி: தொழிற்சாலையில் முழுவதும் பிரித்து, தேய்ந்த பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றி, மேடையில் வைத்துச் சோதித்து விற்பது.

பட்டறையில் பழுதுபார்த்தது: நல்ல கடை என்றால் பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் மூன்றையும் மாற்றியிருப்பார்கள். அவசரக் கடை என்றால், கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

கழற்றியது: ஹாஃப்-கட்டிலிருந்து அப்படியே எடுத்தது. துடைத்து, பெயிண்ட் அடித்தால் பளபளக்கும். உள்ளே எதையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

கடைசி மூன்றையுமே சிலர் "ரீகண்ட்" என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

இவ்வளவு பழைய பாகங்கள் எங்கிருந்து வருகின்றன?

ஜப்பானிலும் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டீரிங் வலப்பக்கம். அங்கே கார்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்கு ஆகும் செலவால், நன்றாக ஓடும் கார்களையே பலர் கைவிடுகிறார்கள். அவற்றைப் பாதியாக வெட்டி இங்கே கொண்டுவந்து, "கெடாய் பொட்டோங்" என்று நாம் சொல்லும் கடைகளில் பாகம் பாகமாக விற்கிறார்கள்.

2009 அக்டோபரில் தேசிய வாகனக் கொள்கையை மறுஆய்வு செய்த அரசாங்கம், 2011 ஜூன் முதல் பயன்படுத்திய பாகங்களின் இறக்குமதி தடை செய்யப்படும் என்று அறிவித்தது. வணிகர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. இன்றும் பொட்டோங் கடைகள் இயங்குகின்றன. பின்னர் வந்த 2014 தேசிய வாகனக் கொள்கை, முறையான மறுஉற்பத்தித் துறையை உள்நாட்டிலேயே வளர்ப்பதையும் ஓர் இலக்காகச் சேர்த்துக்கொண்டது.

கொள்கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உங்கள் கேள்வி மாறாது: இந்தப் பாகத்தின் கடந்த காலம் என்ன? வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து எடுத்ததாக இருந்தால், பேரிங்கில் சேறு புகுந்திருக்கலாம், கம்பிச்சுருள் துருப்பிடித்திருக்கலாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் எத்தனை கார்கள் மூழ்கிக் கிடந்தன என்று நாம் பார்த்தோமே. வெளியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

இவை உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் காருக்கான விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

புதியது 550 ரிங்கிட், ரீகண்ட் 250 ரிங்கிட், இரண்டுக்கும் கூலி 80 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 630-க்கு எதிராக 330. மிச்சம் 300 ரிங்கிட்.

வாரண்டி முடிந்த பிறகு ரீகண்ட் கெட்டுப்போனால்? மறுபடி 330, கூடவே இழுவை வண்டிக்கு 150. ஆக மொத்தம் 810. புதியதைவிட 180 ரிங்கிட் அதிகம்.

"பார்த்தீங்களா, மலிவு வாங்கினா ரெண்டு செலவு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் கணக்கு அவ்வளவு நேரானது இல்லை. பத்துப் பேர் ரீகண்ட் போட்டால், எல்லோருமாகச் சேர்ந்து 3,000 ரிங்கிட் மிச்சப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு இரண்டாவது பழுதுக்கும் 480 ரிங்கிட் போகும். பத்தில் ஆறு பேருக்கு மேல் மறுபடி கெட்டால்தான் மிச்சம் முழுவதும் கரையும். ஒழுங்காகப் பழுதுபார்க்கும் கடையில் அப்படி நடக்காது. வெறும் பெயிண்ட் அடித்து விற்கும் கடையில் நடக்கலாம்.

இந்தக் கணக்கில் சேராத ஒன்று உண்டு. கார் நிற்கும் இடமும் நேரமும். வீட்டு வாசலில் நின்றால் தொல்லை மட்டும்தான். நள்ளிரவில் நெடுஞ்சாலையின் அவசரப் பாதையில், விளக்கே எரியாமல் நின்றால் அது உயிர் விஷயம். புதியதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், அந்த ஆபத்தைக் குறைப்பதற்காகக் கொடுப்பது.

அப்போ எது யாருக்கு?

புதியது போடுங்கள்: இரவு வேலைக்கு ஓட்டுகிறீர்கள், வெளியூர்ப் பயணம் அதிகம், இ-ஹெய்லிங் ஓட்டுகிறீர்கள், அல்லது இன்னும் நாலைந்து ஆண்டு இந்தக் காரை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால்.

ரீகண்ட் போதும்: ஊருக்குள்ளேயே ஓட்டுகிறீர்கள், சீக்கிரம் காரை மாற்றப் போகிறீர்கள், அல்லது உங்கள் மாடலுக்குப் புதியதே கிடைக்கவில்லை என்றால். அதுவும், உள்ளே என்ன மாற்றினோம் என்று சொல்லத் தயாராக இருக்கும் கடையில்.

உங்களுடையதையே பழுதுபாருங்கள்: பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் இதுதான் மலிவான வழி. அந்த ஆல்டர்னேட்டரின் கடந்த காலம் உங்களுக்கே தெரியும். வெள்ளத்தில் மூழ்கியதா, எத்தனை ஆண்டு ஓடியது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரே குறை, வேலை முடியும்வரை ஓரிரு நாள் கார் இல்லாமல் சமாளிக்க வேண்டும். ஸ்டேட்டரோ ரோட்டரோ எரிந்துபோயிருந்தால் இந்த வழி பயன்படாது.

கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. உள்ளே எதையெல்லாம் மாற்றினீர்கள்?
2. இது எத்தனை ஆம்பியர்? (உங்கள் பழையதன் லேபிளோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் பிரச்சினை இல்லை, குறைந்தால் வேண்டாம்.)
3. வாரண்டி எத்தனை மாதம்? கூலியும் அதில் சேருமா?
4. பழையதைக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?
5. பெல்ட்டையும் பேட்டரியையும் சோதித்தீர்களா? (காலியான பேட்டரியை முதலில் சார்ஜரில் ஏற்றிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே ஆல்டர்னேட்டருக்கு அதிகச் சுமை.)
6. மாட்டியபின் என் கண்முன்னே வோல்ட் காட்ட முடியுமா?

நல்ல வயர்மேன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் சொல்ல யாராவது தயங்கினால், அந்தத் தயக்கமே ஒரு பதில்தான்.

ஏமாந்துவிட்டால்?

பொருள் புதியதா, ரீகண்டா, முன்பு எப்படிப் பயன்பட்டது என்பதில் பொய் சொல்வதை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. விற்கும் பொருள், கொடுத்த விலைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

கடையோடு பேசித் தீரவில்லை என்றால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ஆனால் கையில் ரசீது இல்லாவிட்டால் உங்கள் தரப்பு பலவீனமாகிவிடும். "ரீகண்ட், பிரஷ்-பேரிங்-ரெகுலேட்டர் புதியது, 6 மாத வாரண்டி" என்று ஒரே வரி எழுதி வாங்குங்கள். வாட்சாப்பில் அனுப்பச் சொன்னாலும் சரி. பழையதையும் புதிதாக மாட்டியதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு எரிந்துவிட்டது, இப்போ என்ன செய்ய?

ஏர்கான், வானொலி, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஹெட்லைட்டை மட்டும் அணைக்காதீர்கள். இன்ஜினை நிறுத்தாமல், பக்கத்தில் இருக்கும் எண்ணெய் நிலையத்துக்கோ ஓய்விடத்துக்கோ போய்விடுங்கள். பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில்தான் கார் ஓடுகிறது. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று நம்ப முடியாது.

வெப்பநிலை முள்ளும் ஏறினாலோ, ஸ்டீரிங் திடீரென்று கனத்தாலோ, பெல்ட்டே அறுந்திருக்கலாம். பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. அப்போது மேலே ஓட்டினால் இன்ஜினே போய்விடும். பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி, ஹசார்ட் விளக்கைப் போட்டு, சாலைத் தடுப்புக்கு அப்பால் நின்று உதவிக்கு அழையுங்கள். ஆல்டர்னேட்டர் புதுசா, ரீகண்டா என்பதை மறுநாள் காலையில் நிதானமாக முடிவு செய்யலாம்.