பாட்டில் சூடு குறைந்ததா, பங்கில் நேர்மை குறைந்ததா?

"பழைய சூடு இல்லை தோழர்." கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையிலிருந்து கிளம்பிய கலைஞர்கள் புதிதாக எதை வெளியிட்டாலும், ஆலங்காயம், வாணியம்பாடி பக்கத்து மாணவர்கள் எங்களிடம் முதலில் சொல்வது இதுதான். கோபம் போய்விட்டது, சினிமாவுக்குப் போய்விட்டார்கள், நம்மை விட்டுவிட்டார்கள் என்று பட்டியல் நீளும். இந்த ஏமாற்றத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நேசிக்கிறவனுக்குத்தான் ஏமாற்றம் வரும். ஆனால் அந்த ஏமாற்றம் தப்பான வாசலில் போய் நின்று கத்துகிறது என்பதுதான் எங்கள் வாதம்.

முதலில் எங்களுக்கும் இருக்கிற வருத்தத்தைச் சொல்லிவிடுகிறோம். 2018 ஜனவரி 6ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு மேடை ஏறியது. 19 கலைஞர்கள். கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில். சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயர். இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் மேடையில் நின்று வெட்கமில்லாமல் பாடினார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஊர் ஒதுக்கிவைத்த கருவி நடு மேடைக்கு வந்தது. அதே ஆண்டு வந்த 'காலா' படத்தில் 'உரிமையை மீட்போம்' எழுதியவர் அறிவு. அரக்கோணத்துக்காரர், பழைய வேலூர் மாவட்டத்துப் பிள்ளை. அவரே பிறகு 'மாஸ்டர்' படத்துக்கு 'வாத்தி ரெய்டு' எழுதினார். எங்கள் காதுக்கு அது கதாநாயகனைத் தூக்கிப்பிடிக்கிற இன்னொரு பாட்டு, அவ்வளவுதான். நிலத்தைக் கேட்ட பேனா நட்சத்திரத்துக்குக் கொடி பிடிக்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்வதற்கு நாம் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நம்முடைய கலைஞர் என்பதற்காக நம்முடைய காதைக் கழற்றி வைக்கவும் முடியாது.

ஆனால் "எப்போதும் கோபமாகவே பாடு" என்று கேட்பது வேறு விஷயம். அந்தக் கோபத்துக்கு விலை கொடுப்பது யார்?

இசைவாணியைப் பாருங்கள். ஆண்களே நிறைந்த கானாவில் தனியாக நின்று பாடி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். 2018இல் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டுக்காக, ஆறு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில் அவர்மீது புகார்கள் கொடுக்கப்பட்டன. ஆபாச வசவும் மிரட்டலும் வந்தன. நாம் இயர்போனில் மூன்று நிமிடம் கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். பாடியவர் போக முடியாது. இப்படிப்பட்டவர் அடுத்து ஒரு காதல் பாட்டு பாடினால் "நீர்த்துப்போய்விட்டார்" என்று தீர்ப்பு எழுத நமக்கு என்ன தகுதி? காதலும் கிண்டலும் கல்யாணக் கச்சேரியும் மற்றவர்களுக்கு, கோபம் மட்டும் நமக்கு என்பதும் ஒரு வகைப் பங்கீடுதான். சேரிக்காரன் வாயைத் திறந்தால் வலி மட்டும்தான் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், அந்த வலியை ஏசி அரங்கில் உட்கார்ந்து ரசிப்பவர்கள். அவர்களுடைய ருசியை நாம் அரசியல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு எதை வைத்து அளப்பது? இங்கே வெளிநாட்டுக் கதை ஒன்று உதவும்.

1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வேலையில்லாத இளைஞர்களின் இசையாகக் கிளம்பியது பங்க். அதன் பெரிய குழுக்களில் ஒன்று தி கிளாஷ். 1977 ஜனவரியில் சிபிஎஸ் என்ற பெரிய கம்பெனியுடன் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். விற்றுப்போனார்கள் என்று அன்றைக்கே கூச்சல். ஆனால் அதே குழுதான் 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில், இனவெறிக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன்னால் பாடியது. 1979 இறுதியில் 'லண்டன் காலிங்' வந்தபோது, இரண்டு இசைத்தட்டுகளை ஒன்றின் விலைக்கே கொடுக்க வேண்டும் என்று கம்பெனியோடு மல்லுக்கட்டிச் சாதித்தார்கள்.

அவர்கள் நிஜமாகவே விழுந்தது 1985இல், 'கட் தி கிராப்' என்ற தொகுப்பில். அதில் கோபத்துக்கும் கோஷத்துக்கும் பஞ்சமே இல்லை. கூட்டமாகக் கத்துகிற பல்லவிகள் நிறைய. ஆனால் டிரம்மர் டாப்பர் ஹெடன் 1982இலேயே வெளியேற்றப்பட்டிருந்தார். பாதிப் பாட்டுக்கு இசை கொடுத்துவந்த மிக் ஜோன்ஸை 1983இல் நீக்கியிருந்தார்கள். மேனேஜர் பெர்னி ரோட்ஸ் தானே பாடல்களில் கூட்டாளியாகி, வேறொரு பெயரில் தயாரிப்பாளராகவும் உட்கார்ந்துகொண்டார். குழுவில் புது டிரம்மர் இருக்கும்போதே டிரம் மெஷினை ஓட்டினார்கள். ரசிகர்கள் கைவிட்டார்கள், பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரே பிறகு அதைச் சொந்தம் கொண்டாடவில்லை, குழு கலைந்தது. சூடு குறைந்து அந்தத் தொகுப்பு செத்துப்போகவில்லை. கூட்டு உடைந்து, அடிக்கிற கை வெளியே போய், கணக்குப் பார்க்கிற கை உள்ளே வந்ததால் செத்தது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' மாஜா நிறுவனத்தின் வழியாக வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறைக் கதையை அறிவு அதில் பாட்டாக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியது, அங்கேயும் அறிவு இல்லை. பாட்டில் தன் உழைப்பு என்ன என்று அவரே சமூக வலைதளத்தில் எழுதி நிறுவ வேண்டியிருந்தது. சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் விளக்கத்தைக் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து எங்களில் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார். நிறுவனம் தன் தரப்பைச் சொன்னது. யார் தரப்பு சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டின் கணக்கு, அதைச் செய்தவர்களுக்கே தெரியவில்லை. ஏமாற்றம் வர வேண்டிய இடம் இதுதான் தோழர்களே.

இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. ஆலங்காயத்திலிருந்து விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்குப் போகிற அக்காக்களைக் கேளுங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஊசியால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்குகிற அம்மாக்களைக் கேளுங்கள். விரல் அவர்களுடையது, பிராண்டு பெயர் யாருடையதோ. ஐரோப்பாவில் அந்த ஷூ என்ன விலைக்குப் போகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. டேனரியில் தோலோடு நடப்பது, அந்தத் தோல் பறையாகிப் பாட்டில் ஏறிய பிறகும் நடக்கிறது. எங்கள் பக்கத்துப் பறைக்குழு ஒன்றை வீடியோவுக்கு அழைத்துப்போய், பஸ் காசும் பிரியாணியும் கொடுத்து அனுப்பினார்கள். வெளிவந்த வீடியோவில் சேனல் பெயர் இருந்தது, அடித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஆகவே புதுத் தொகுப்பு வந்தால் முதல் கேள்வி "கோபம் இருக்கிறதா?" என்பதாக இருக்க வேண்டாம். பறை அடித்தது யார், பெயர் போட்டிருக்கிறதா, பாட்டு யார் உடைமை, பங்கு எப்படி என்று கேளுங்கள். இதை நம் கலைஞர்களையும் கேளுங்கள். 19 பேராக ஏறிய மேடை ஒற்றைப் பெயர்களாகச் சுருங்கும்போது, பின்னால் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பது துரோகம் ஆகாது. அந்த மேடை நமக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

பாட்டு எழுதுகிற, பறை அடிக்கிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012 பதிப்புரிமைத் திருத்தச் சட்டப்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குள்ள சம பங்கை ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமையை அதே சட்டம் தருகிறது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் சேரலாம். ஸ்டுடியோவுக்குள் நுழையும் முன், குழுவில் இருக்கிற எல்லோருடைய பெயரையும் பங்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அண்ணன் தம்பிக்குள் எதற்குத் தாள் என்று யாராவது சொன்னால், அந்த அண்ணனிடம்தான் முதல் கையெழுத்தை வாங்குங்கள்.

பறையைத் தீயில் காட்டினால்தான் நாதம் வரும். அடிக்க அடிக்கத் தோல் தளரும், மறுபடியும் காய்ச்ச வேண்டும். இது அடிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். மேடையில் இருப்பவனிடம் சூடு கேட்கிற நாம், தீ மூட்டுகிற வேலையையும் எடுத்துக்கொள்வோம்.

ஜெய்பீம்!