பூங்காவும் கண்ணாடியும்

நியூயார்க் மாநகரின் நடுவே 843 ஏக்கர்ப் பரப்பில் விரிந்து கிடப்பது சென்ட்ரல் பார்க் என்னும் பெரும்பூங்கா. ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்னும் இருவர் வகுத்த திட்டப்படி அமைந்த அப்பூங்கா, 1858ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்குள்ள ஏரிகள் மனிதன் அமைத்தவை. சோலைகள் மனிதன் வளர்த்தவை. பறவைகளோ அவ்வேறுபாட்டை அறியா.

இலையுதிர் காலம் வந்ததும் கனடாவின் காடுகளில் கோடையைக் கழித்த சிறு பறவைகள் தெற்கு நோக்கி வலசை புறப்படும். அவற்றுட் பெரும்பாலானவை இரவிலேயே பறக்கும். பொழுது புலரும்போது, கல்லும் இரும்பும் செறிந்த நகரின் இடையே இப்பூங்கா பசுந்தீவு போலத் தோன்றும். அங்கே அவை இறங்கிப் புழுபூச்சிகளையும் பழங்களையும் உண்டு இளைப்பாறும்.

அவற்றைக் காண முதியோரும் சிறுவரும் தொலைநோக்கியுடன் காலையிலேயே வந்து கூடுவர். இளவேனிலில் ஒளிர்ந்த நிறம் பல குருவிகளுக்கு இப்பருவத்தில் மங்கியிருக்கும், பாட்டும் அடங்கியிருக்கும். சிறகின் கோட்டையும் வாலின் அசைவையும் கொண்டே இனங்காணல் வேண்டும். அங்கு வருவனவற்றுள் ஒன்று பிளாக்போல் என்னும் குருவி. ஏறத்தாழ 12 கிராம் எடையே உடைய அது, அட்லாண்டிக் பெருங்கடலின் மீது இரண்டு மூன்று நாள் இடைவிடாது பறக்கும் ஆற்றல் வாய்ந்தது.

கடலைக் கடக்கும் அச்சிறகு கண்ணாடிச் சுவரைக் கடக்க இயலாமை இரங்கத்தக்கது. இரவில் மாடங்களின் விளக்கொளி பறவைகளை ஈர்க்கிறது. பகலில் கண்ணாடியில் தோன்றும் மரத்தின் நிழலை அவை மரமென்றே நம்புகின்றன. இவ்வாறு மோதி அந்நகரில் ஆண்டுதோறும் 90,000 முதல் 2,30,000 வரை பறவைகள் மடிவதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

“பறவைக்காக மாநகரம் இருளில் மூழ்குவதா?” என்று வினவுவோர் உளர். அவ்வளவு பெரிய தியாகம் தேவையில்லை. செப்டம்பர் 11ஆம் நாளின் நினைவாக அந்நகரில் வானை நோக்கி ஏற்றப்படும் ஒளித்தூண்களில் பறவைகள் மிகுதியாகச் சிக்கினால், விளக்குகள் சுமார் 20 நிமிடம் அணைக்கப்படுகின்றன. உடனே அவை கலைந்து தம் வழி செல்கின்றன. ஜாவிட்ஸ் மாநாட்டு மண்டபத்தில் புள்ளியிட்ட கண்ணாடி பொருத்திய பின் மோதல்கள் ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்தன. 2019ஆம் ஆண்டின் இறுதியில் மாநகர மன்றம் இத்தகைய கண்ணாடியைப் புதிய கட்டடங்களுக்குச் சட்டமாக்கியது. எனினும், பழைய கட்டடங்களுட் பெரும்பாலானவை அச்சட்டத்துக்கு உட்படவில்லை. அவற்றின் உரிமையாளரும் மனமுவந்து முன்வருதல் வேண்டும்.

விருந்தினருக்குச் சோலை வளர்த்துவிட்டு, அவர் வரும் வழியில் வலை விரிப்பது அறமாகாது. காலையில் பூங்காவில் பறவையைக் கண்டு மகிழ்பவர், முந்திய இரவு தம் சன்னலின் விளக்கை அணைத்தாரா என்பதே அவர்தம் அன்பின் அளவாகும்.