விலை கொடுத்தும் உரிமை இல்லையா?

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது என்பது உலகம் ஒப்பிய நியதி. வெலிமடையில் உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயி, தன் மண்வெட்டியை அயலவனுக்கு இரவல் கொடுக்கக் கம்பெனியின் அனுமதியைக் கேட்பதுண்டோ? ஆனால் நம் பிள்ளைகளின் வீடியோ விளையாட்டில் அந்நியதி மெல்ல மெல்ல அழிக்கப்பட்டு வருகின்றது. விளையாட்டைப் பற்றி அரசியல் ஏடு எழுதுவதா என்று சிலர் நகைக்கலாம். உரிமை பறிபோவது சிறு பொருளில் தொடங்கும்போதே கண்டிக்கப்பட வேண்டும் என்பது நமது கொள்கை.

தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்தும் கருவியும் கசெட்டும் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பண்டாரவளைப் பட்டினத்தில் வாங்கிய ஒரு கசெட் ஒரு வீட்டோடு நின்றுவிடக்கூடிய பொருளன்று. இரவலாகப் போகலாம், வேறொன்றுக்கு மாற்றப்படலாம், சலித்தபின் பாதி விலைக்கு விற்கப்படலாம். சேர்த்து வைப்போன் பெட்டியிலே பூட்டி வைக்கலாம். பின்னர் வந்த இறுவட்டுக்கும் இவ்வியல்பு இருந்தது. வறியவர் பிள்ளை விளையாடியது இந்த இரவலின் தயவினாலேயே.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. நூலொன்றை ஒரு டொலருக்குக் குறைத்து விற்கலாகாதென்று அந்நூலிலேயே அச்சிட்டு, அதை 89 சதத்துக்கு விற்ற கடை மீது அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று வழக்குத் தொடுத்தது. முதல் விற்பனையோடு பதிப்பாளரின் அதிகாரம் முடிந்ததென 1908இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணினி நிரல்களை வாடகைக்கு விடுவதை 1990இல் தடைசெய்த அமெரிக்கச் சட்டமும், கருவியில் இட்டு விளையாடும் கசெட்டுகளுக்கு விலக்களித்தது. வாடகைக் கடைகள் செழித்தன.

இன்றைய நிலை என்ன? கடையில் பெட்டி இல்லை. இணையத்தில் பதிவிறக்கம் உண்டு. பணம் கொடுத்தபின் கிடைப்பது பெரும்பாலும் பொருளன்று, அனுமதியே. அதை நண்பனுக்குக் கைமாற்ற முடியாது, விற்க முடியாது. 2014இல் வெளிவந்த ‘த குரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டை யூபிசொஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31ஆம் திகதி நிறுத்தியது. இறுவட்டைக் கையில் வைத்திருந்தவரும் விளையாட முடியாதவராயினர். கொடுத்த விலை எங்கே? பெற்ற உரிமை எங்கே?

அன்றைய கசெட்டுகளிற் பல திருட்டுப் பிரதிகள் அல்லவா என்று கேட்பர். உண்மையே, அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆக்கியோனின் உரிமையை நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் காக்கின்றது, காக்கவும் வேண்டும். ஆனால் நேர்மையாக விலை கொடுத்தவனின் உரிமையைக் காப்பவர் யார்?

பிற நாடுகள் விழித்துக்கொண்டன. அனுமதியை மட்டும் விற்போர் அதைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்குக’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாதெனக் கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் விதித்துள்ளது. விற்ற விளையாட்டைச் செயலிழக்கச் செய்வதற்கு எதிராக ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 2025இல் கையொப்பமிட்டனர்.

நாம் கேட்பவை மூன்று. விற்கப்படுவது பொருளா, அனுமதியா என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்குமாறு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பணிக்க வேண்டும். சேவையை நிறுத்தும் நிறுவனம், தொடர்ந்து விளையாட வழிசெய்ய வேண்டும். இன்றேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நேர்வழியில் வாங்கிய கசெட்டுகளையும் இறுவட்டுகளையும் நமது சனசமூக நிலையங்கள் சேர்த்து, நூல்களைப் போல இரவல் கொடுக்க வேண்டும். கற்றோர் இதற்கு முன்வர வேண்டும்.

தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் லயத்துக் காம்பராவுக்கு உறுதி இல்லாதோர் ஊவாவின் தோட்டங்களில் இன்றும் பலர். அத்துன்பத்தோடு இதை ஒப்பிடோம். அது மலை, இது மடு. எனினும் அனுமதியில் வாழ்வதற்கும் உரிமையில் வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை மலையகத் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அறிந்தவனே முதலில் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவன்.