கல்லை விற்றோம், வித்தையைக் கேட்கவில்லை

எமது இலக்கியக் கூட்டங்களில் 'பல்தேசியக் கம்பனி' என்ற சொல்லை யாராவது உச்சரித்துவிட்டால் போதும், அடுத்த பேச்சாளர் இரத்தம் உறிஞ்சும் அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார். அந்த உவமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மறுபக்கத்தில் கோட் அணிந்த கனவான்கள். வரியை விட்டுக்கொடு, காணியைக் கொடு, வெளிநாட்டான் வருவான், நாடு செழிக்கும் என்பது அவர்களது பல்லவி. இரு தரப்பாருடனும் எனக்குச் சண்டை உண்டு. வந்தவன் எவ்வளவு கொண்டுபோகிறான் என்று ஒருவர் கணக்குப் பார்க்கிறார். எவ்வளவு டொலர் கொண்டுவருகிறான் என்று மற்றவர் பார்க்கிறார். அவனுக்குத் தெரிந்ததில் எமக்கு எவ்வளவு தெரியவந்தது என்று இருவருமே கேட்பதில்லை.

பங்களாதேஷில் ஒருவர் கேட்டார். நூருல் காதர், அரச சேவையில் இருந்து வந்தவர். 1978இல் அவரது தேஷ் கார்மென்ட்ஸ், தென் கொரியாவின் டேவூ கம்பனியுடன் ஒப்பந்தம் செய்தது. செல்வந்த நாடுகள் விதித்த கோட்டாவினால் கொரியாவின் ஆடை ஏற்றுமதிக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பங்களாதேஷுக்கு அப்போது அந்தத் தடை இல்லை. ஆகவே டேவூ வந்தது தர்மம் செய்ய அல்ல. காதர் அந்தத் தேவையைப் புரிந்துகொண்டு பேரம் பேசினார். 1979இல் 130 பேர் பூசானில் இருந்த டேவூ ஆலைக்குப் போய் ஆறு மாதம் பழகினார்கள். தையல் மட்டுமா? தரம் பார்ப்பது, உற்பத்தியை ஒழுங்கு செய்வது, வாங்குபவனைத் தேடிப் பிடிப்பது எல்லாம். பதிலுக்கு விற்பனையில் 8 வீதம் டேவூவுக்கு. 1981 நடுப்பகுதியில் தேஷ் அந்த ஒப்பந்தத்தையே ரத்துச் செய்துவிட்டுத் தனியாக நடக்கத் தொடங்கியது. 1980இல் 43,000 சேர்ட்டுகள் தைத்த கம்பனி 1987இல் 23 இலட்சம் தைத்தது.

எனக்கு இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. பூசான் போய் வந்த 130 பேரில் 115 பேர் 1987க்குள் தேஷை விட்டுப் போய்விட்டார்கள். சிலர் வேறு ஆலைகளுக்குப் போனார்கள், சிலர் சொந்தமாகத் தொடங்கினார்கள். எம்மூர் முதலாளியாக இருந்தால் 'சோறு போட்டு வளர்த்தேன், துரோகம் செய்தான்' என்று புலம்பியிருப்பார். அந்தத் 'துரோகத்தால்'தான் ஒரு கம்பனியின் அறிவு ஒரு நாட்டின் அறிவாயிற்று. வாங்குபவன் அனுப்பும் கடன் கடிதத்தை வங்கியில் வைத்து, துணி வாங்க இன்னொரு கடன் கடிதம் திறக்கும் வழியும் இவ்வாறே பரவியது. கைமுதல் குறைந்தவனும் ஆலை போடலாம் என்றாயிற்று.

ராணா பிளாசாவை மறந்துவிட்டாயா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2013 ஏப்ரலில் சாவாரில் அந்தக் கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சட்டம் பேசாத இடத்தில் முதலாளியின் பேராசையும் வாங்குபவனின் விலை நெருக்குதலும் சேர்ந்து செய்த கொலை அது. அதற்காக, தைக்கக் கற்றதே தவறு என்று எப்படிச் சொல்வது?

பங்களாதேஷ் தூரம் என்பவர்கள் பேருவளைக்கு வாருங்கள். கரி நெருப்பை ஊதுகுழலால் ஊதி, கல்லைச் சுட்டு நிறம் திருத்துவது இந்தத் தீவுக்குப் பழைய தொழில். 13ஆம் நூற்றாண்டில் அல்-திஃபாஷி தனது கல் நூலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். இருந்தும் என்ன? பால்போல மங்கிக் கிடக்கும் கெவுடாக் கல்லை நாம் கழிவாகவே எண்ணினோம். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்தார்கள், அதை மலிவாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஊதுகுழலால் எட்ட முடியாத வெப்பத்தில், 1,500 பாகைக்கும் மேலே, உலையில் வைத்தார்கள். கல்லுக்குள் மங்கலாகத் தெரிந்த நுண்ணிய ஊசிகள் கரைந்தன. அவற்றிலிருந்த டைட்டானியம் இரும்புடன் சேர்ந்து நீலம் பிறந்தது. நாம் கொடுத்த கழிவு நீலக்கல்லாகி உலகச் சந்தைக்குப் போனது.

எம்மவர்கள் விலை பேசுவதில் சூரர்கள். நன்றாகத்தான் பேசியிருப்பார்கள். ஒன்றுக்கும் உதவாத கல்லை இவன் ஏன் தேடி வருகிறான் என்ற கேள்விதான் தாமதித்து வந்தது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். சும்மா கேட்டால் சொல்ல மாட்டான்தான். டேவூவும் சும்மா சொல்லவில்லையே. கெவுடா வேண்டுமென்றால் அவன் எமது வாசலுக்குத்தான் வரவேண்டியிருந்தது. 'கல் தருகிறேன், எங்கள் பிள்ளைகள் நால்வரை உன் உலையடியில் நிறுத்து' என்று சங்கமாகக் கூடிச் சொல்லியிருக்கலாம். பின்னர் எம்மவரும் உலை வைத்துச் சுடக் கற்றுக்கொண்டார்கள். அதற்குள் தாய்லாந்தின் சந்தபுரி நிறக்கற்களுக்கு உலகறிந்த ஊராகிவிட்டது.

1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபோது நாமும் காதரும் ஒரே காலத்தில்தான் புறப்பட்டோம். எம்.ஏ.எஸ். போன்ற சில உள்ளூர்க் கம்பனிகள் வெளிநாட்டுப் பங்காளிகளிடம் கற்று, வடிவமைப்பு வரை போயின. அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் கொலர் மட்டும் தைத்து, கொலர் மட்டும் தெரிந்து, ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்குப் பூசான் கிடைக்கவில்லை.

இனி ஒரு வெளிநாட்டுக் கம்பனி வரும்போது அட்டைக்காரரும் கோட்டுக்காரரும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். எத்தனை பேரை, எந்த வேலையில், எவ்வளவு காலம் பழக்குவாய், அது ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்போம். அதே கேள்வியை, தொழில் இரகசியத்தை மருமகனுக்கு மட்டும் சொல்லிவைத்திருக்கும் எமது கடை முதலாளிமாரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.