கல்லடி பட்ட வண்டி

(இளங்கலை வேதியியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

பழைய காரின் முன்புறத்தில் சரளைக்கல் தெறித்து நாலைந்து இடங்களில் வண்ணம் பெயர்ந்துவிட்டால், நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. "ஓடுகிற வண்டிதானே, கிடக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள்; அல்லது "முழுக்கப் பெயிண்ட் அடித்துவிடு" என்று பட்டறையில் நிறுத்திவிடுவார்கள். இரண்டுமே தவறு என்பது என் துணிபு.

எங்கள் வீட்டில் 1996ஆம் ஆண்டின் வெள்ளை அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. உத்தரபாராவில் அவ்வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. முழு வண்ணப் பூச்சுக்குப் பட்டறையில் கேட்கும் தொகை, என் தம்பியின் ஓராண்டு விடுதிச் செலவு. அப்பா அடித்துவிடலாம் என்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். பணம் மட்டுமே காரணமன்று.

தொழிற்சாலையில் டயரும் ரப்பரும் மின்கம்பியும் பொருத்துவதற்கு முன்பே, வெறும் தகட்டு உடலுக்கு வண்ணம் பூசி, பொதுவாக 100 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுட்டெடுக்கிறார்கள். எல்லாம் பொருத்திய வண்டியை அவ்வளவு சூட்டில் வைக்க முடியுமா? ஆகவே, நல்ல நிலையிலுள்ள பழைய பூச்சைச் சுரண்டி எறிந்தால், அதற்கு நிகரானது திரும்பக் கிடைப்பது அரிது. அன்றியும், புதுப் பூச்சு பழைய விபத்தையும் துருவையும் மறைக்கவல்லது; வாங்க வருபவர் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அப்படியானால் விட்டுவிடலாமா? கூடாது. தகடு வெளியே தெரிந்தால், ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து நீரேறிய இரும்பு ஆக்சைடை உண்டாக்கும். அது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், சுற்றியுள்ள நல்ல வண்ணத்தையும் அடியிலிருந்து தூக்கிவிடும். மிளகளவு காயம் காசளவாவது இப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் எங்கள் வண்டிக்குத் துருவின் மேலேயே பட்டி வைத்து வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் கொப்புளமாக எழும்பிவிட்டது.

சரியான முறை எளியது, பொறுமைதான் வேண்டும். காயத்தைக் கழுவி, எண்ணெய்ப் பசையை நீக்கி, துருவை முற்றிலும் சுரண்ட வேண்டும். தகடு தெரியுமிடத்தில் பிரைமர் தொட்டு வைத்து உலரவிட வேண்டும். பின்பு மெல்லிய தூரிகையால் வண்ணத்தைக் காயத்துக்குள் மட்டும், ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாகச் சில முறை வைக்க வேண்டும். கடுமையான தின்னர் பழைய எனாமலைச் சுருக்கிவிடும். ஆகையால் மறைவான ஓரிடத்தில் முன்பே சோதிப்பது நலம். சில நாட்கள் கழித்து, 2000 எண் வாட்டர் பேப்பரை நனைத்து, மேடான பகுதியை மட்டும் தேய்த்து, காம்பவுண்டு போட்டுத் துடைத்தால் போதும். மொத்தப் பூச்சே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கை அழுந்தினால் நல்ல வண்ணமும் போய்விடும்.

"உற்றுப் பார்த்தால் புள்ளி தெரியுமே?" என்பார்கள். தெரியும். வெயிலில் மங்கிய வெள்ளையோடு புது வெள்ளை முழுதும் பொருந்தாது. தெரிந்தால் என்ன? நாம் தடுக்க வேண்டியது துருவை, தழும்பையன்று. வண்ணம் எங்கும் வெடித்து உரிந்த வண்டிக்கு முழுப் பூச்சே தகும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு புள்ளிகளுக்காக நாற்புறமும் சுரண்டுவது அறிவுடைமையாகுமா?

நண்பர்களே! உங்கள் வீட்டு வண்டியை இந்த விடுமுறையில் ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். மழைக்கு முன் ஒரு மாலைப்பொழுதை அதற்கு ஒதுக்குங்கள்.