திரைக்குள் வராத விசுவமடு

அந்நியப் படையின் கீழ் அகப்பட்ட நிலத்திலே வீரர், துரோகி என இரண்டே சாதி மனிதர்தாம் வாழ்கிறார்கள் என்னும் அபிப்பிராயம் நம்மவரிடையே வேரூன்றிப் பல ஆண்டுகளாயின. இருளில் முட்கம்பியை அறுத்து நுழையும் இளைஞன், அவனுக்குக் கஞ்சி வார்க்கும் கிழவி, அவனைக் காட்டிக்கொடுக்கும் கயவன் ஆகிய மூவரைக் கொண்டே ஒரு தேசத்தைச் சித்திரித்துவிடலாமென யுத்தகாலப் பிரசாரப் படங்கள் நம்பின. மின்சாரமற்ற வன்னியில், ஜெனரேற்றர் இரைச்சலுக்கிடையே, விடுதலைப் புலிகளின் நிதர்சனம் வெளியிட்ட 'ஒளிவீச்சு' காணொளிகளைப் பார்த்து வளர்ந்த நாங்களும் நம்பினோம்.

2007 ஒக்டோபர் 22ஆம் நாள் 21 கரும்புலிகள் அநுராதபுரம் வான்படைத் தளத்தினுட் புகுந்து நடத்திய தாக்குதலைச் சொல்லும் 'எல்லாளன்', இறுதி யுத்தத்தின் நடுவே வன்னியிலேயே படமாக்கப்பட்டு, யுத்தம் முடிந்த மறு ஆண்டு புலம்பெயர் நாடுகளிலே திரையிடப்பட்டது. நடித்தவர்கள் மெய்யான போராளிகள். அவர்களிற் பலர் தம்மைத் திரையிற் காணாமலே மடிந்தனர். ஆதலால் இது சினிமாவன்று, சாட்சியம் என்று வாதிப்போர் உளர். அவர்களுடைய துக்கத்துக்கு நான் தலைவணங்குகிறேன், வாதத்துக்கு வணங்கேன். நடித்தவன் மெய்யாகவே சாகத் துணிந்தவன் என்பதனால், கதை சொல்லாமல் விட்டவையெல்லாம் உலகில் இல்லாதவை ஆகிவிடுமா? கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்த சரத் வீரசேகர, எல்லைக் கிராமத்துச் சிங்களர் ஆயுதமேந்திய கதையை 2011இல் 'காமணி' என்னும் படமாக்கினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பொருத எல்லாளன், காமணி என்னும் இரு மன்னரும் இவ்வாறு ஓராண்டு இடைவெளியில் மீண்டும் எழுந்தருளினர். இடையில் நிற்கும் மனிதனுக்கு இரு கொட்டகையிலும் ஆசனமில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த பிரமையன்று. 1942இல் பிராகா நகரில் நாஜி அதிகாரி ஹைட்ரிக் கொல்லப்பட்டதை வைத்து, பிரெக்ட்டும் கதையிற் பங்குகொள்ள, ஃபிரிட்ஸ் லாங் அடுத்த ஆண்டே ஒரு படம் எடுத்தார். நகரத்து ஜனங்கள் ஒருமுகமாய் நின்று, துரோகி ஒருவன் மீதே கொலைப்பழியைச் சுமத்திவிடுவது அதன் கதை. நடந்ததோ வேறு. பழிவாங்கலாக லிடிசே கிராமத்தில் 173 ஆண்கள் சுட்டுக்கொல்லப்பட்ட ஆறாம் நாள், தன் குடும்பத்துக்கு அஞ்சியோ வெகுமதிக்கு ஆசைப்பட்டோ ஜெர்மானியரிடம் சென்று வாய்திறந்தவன், பிரித்தானியாவிலிருந்து பாரசூட்டில் இறங்கிய வீரர்களுள் ஒருவனாகிய கரெல் சுர்தா. வீரனும் துரோகியும் ஒரே உடம்பில் இருந்தனர்! பிரான்சிலும் இதே கதைதான்: நாஜிகளின் கீழ் வாழ்ந்த சாமானியரின் அச்சத்தையும் சமரசத்தையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்த மார்செல் ஓஃபூல்ஸின் 1969ஆம் ஆண்டு ஆவணப்படத்தை, அந்நாட்டுத் தொலைக்காட்சி 1981 வரை ஒளிபரப்பவில்லை.

வன்னியிலுள்ள எங்களூராகிய விசுவமடுவுக்கு வருகிறேன். 2009 ஜனவரி இறுதியில் இவ்வூர் இராணுவத்தின் கைக்கு மாறியது. படங்களின் பாஷையிற் சொன்னால், அன்றே எங்களூரும் ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசமாயிற்று. பெப்ரவரி 9ஆம் நாள், ஷெல்லுக்குத் தப்பி வந்த சனங்களைச் சோதனையிட்டு உள்ளே எடுத்த இடத்தில், சனத்தோடு சனமாக வந்த பெண்ணொருத்தி குண்டை வெடிக்கச் செய்தாள். 20 படையினரும் 8 பொதுமக்களும் இறந்ததாக இராணுவம் அறிவித்தது. மாறுவேடம், பகைவனின் காவலரண், உயிரீகை என இரகசியப் பணிக்குத் திரை வகுத்த இலக்கணம் யாவும் இதிலே பொருந்தியிருந்தும், இதனைப் படமாக்க எவரும் துணிந்ததை நான் அறியேன். துணிந்தால், பிள்ளையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலுமாக, ஷெல்லடித்தவனிடமே தஞ்சம் கேட்டு வரிசையில் நின்ற சனங்களைக் கமரா பார்த்தாகவேண்டும். அவர்களுக்கு என்ன வேடம் கொடுப்பது?

அந்த வரிசையில் தப்பியவர்கள் பிறகும் சீவித்தார்கள். முன்னாட் போராளிகள் உட்படப் பலர், சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலே மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தனர். அவர்களை மேற்பார்த்த கேணல் ரத்னப்பிரிய பந்து 2018 ஜூனில் மாற்றலாகிப் போனபோது, விசுவமடுவில் அவருக்கு மாலையிட்டுத் தோளிலே சுமந்து, வாய்விட்டு அழுதார்கள். அந்தக் காணொளியைத் தெற்கிலே பலர் வெற்றிச் சித்திரமாகக் கொண்டாடினர். நம்மவரிற் பலர், பெரும்பாலும் விமானம் ஏறிப் பல்லாண்டு ஆனவர்கள், துரோகச் சித்திரமென்று காறி உமிழ்ந்தனர். ஒரே சுருளை இரு கொட்டகையில் ஓட்டியதுபோலாயிற்று. சம்பளம் கிடைத்ததனால் அழுதார்களா, முதன்முறையாக மரியாதையோடு ஒருவன் பேசியதனால் அழுதார்களா, அன்றி வேறெவரையோ நினைத்து அழுதார்களா என்று இரு சாராரும் கேட்கவில்லை. அன்று மாலை கட்டிய கைகளுள், நவம்பர் 27 மாவீரர் நாளில் தேராவில் மாவீரர் துயிலும் இல்லத்திலே தன் பிள்ளைக்குச் சுடரேற்றும் கைகளும் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமேயில்லை.